ஐம்பத்திரண்டு நிமிட நான்காம் பாகம்

முதலில் நீளத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். ‘உப்பு வண்டி’ முதல் பாகம் நாற்பத்தாறு மணி நேரம். இரண்டாம் பாகம் எண்பது. மூன்றாம் பாகத்துக்கு முடிவே கிடையாது. நானும் என் கணவன் தவசியும் அதில் நாலு வருஷமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம், இன்னும் பாதி ஊர்கூடத் திறக்கவில்லை. நான்காம் பாகம் ஐம்பத்திரண்டு நிமிடம்.

மணி நேரத்தை நிமிடம் என்று தவறாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிமிடமேதான். ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் வைக்கிற நேரம். விமர்சனப் பிரதியோடு வந்த மின்னஞ்சலில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாலு வருஷம் காக்க வைத்துவிட்டு யார் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று ஆளில்லாத வீட்டில் நின்று கத்தினேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. மதுரையில் இருக்கிறேன். ‘ஆட்டக்களம்’ என்ற இணைய இதழில் பதினோரு வருஷமாக வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யென்று சொல்ல மாட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கடலோரத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு, கைவிடப்பட்ட ஊர்கள் வழியாக மலைவரை மாட்டுவண்டி ஓட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் வழி சொல்வார். மூன்றாம் பாகத்திலிருந்து ஓட்டுகிறவர் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நம் மூளை எப்போது சலிக்கிறது என்று அது மோப்பம் பிடிக்கும். சலிப்பு எட்டிப் பார்க்கும்போதே ஒரு கொள்ளைக்கூட்டம் வரும், இல்லாவிட்டால் வழியில் ஒரு பசு கன்று போடும். எழுந்து போக மனசு வராது. நான் ஓட்டுவேன், தவசி வழி சொல்வான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சந்தித்ததே முதல் பாகத்தில்தான். அவன் யார், எந்த ஊர் என்று தெரியாமலே மைக்கில் மூன்று மாதம் திட்டியிருக்கிறேன். பிறகுதான் அவனும் மதுரைக்காரன், லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம். இன்னும் எங்களுக்குள் வாடா போடாதான். என் மாமியார் முன்னால் மட்டும் ‘வாங்க’ என்பேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் குளித்துவிட்டு வந்து உட்காருவான், ஒன்பதுவரை ஆடுவோம். அன்றைக்கு நடந்தது, நாளைக்குச் செய்ய வேண்டியது, அத்தை உடம்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேசுவோம். வண்டி நகர்ந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

இனி ஒரு தொழில் ரகசியம். விமர்சகர்கள் யாரும் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுதுவதில்லை. நேரமில்லை என்பது ஒன்று. முடித்தவனுக்கு ஆட்டத்தின்மேல் பாசம் வந்துவிடும், அவன் குறை சொல்ல மாட்டான் என்பது இன்னொன்று. முக்கால்வாசி போனதும் நிறுத்திவிட்டு எழுதுவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் எது முக்கால்? ஒரு மூச்சில் பார்த்துவிட்டுக் கிழித்துத் தொங்கவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் எழுதுவதற்கு முன்னால் நான் முழுசாக ஆடி முடித்த முதல் ஆட்டம் அதுதான்.

முந்தைய பாகங்களோடு ஒப்பிட்டால் எல்லாமே குறைவு. வழிகாட்டி கிடையாது, ஒருவர் மட்டுமே ஆட முடியும். சரக்கு கிடையாது. உப்பெல்லாம் கொடுத்து முடித்த காலி வண்டி மலையிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான் கதை. கொள்ளைக்காரர்கள் வரவில்லை. முன்பு உப்பு வாங்கிய வீடுகளில் சமையல் நடக்கிறது. ஒரு பெண்பிள்ளை வாசலுக்கு வந்து, "குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கடைசியில் கடற்கரை. மாடுகளை நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்டேன். அவை நடந்து போய்ப் படுத்துக்கொண்டன. மெல்லிய முடிவு இசை ஒலித்தது. திரை அணைந்தது.

திட்ட வேண்டும் என்று கை பரபரக்கவில்லை. கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இலையை மூடும்போது இருக்குமே, அப்படி இருந்தது. பாயசம் எதிரே வந்தாலும் கை போகாது. நல்ல தூக்கம் வந்தது, தூங்கினேன்.

அன்று சாயங்காலம் தவசி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் எழுதி முடிக்கும்வரை புது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அது எங்கள் வீட்டு ஒப்பந்தம். மூன்றாம் பாகத்தைப் போட்டுப் பட்டையை நீட்டினான்.

"தலவலி. இன்னிக்கு வேணாம்டா" என்றேன்.

புதன்கிழமை வயிற்றுவலி என்றேன். வியாழக்கிழமை ஒன்றும் சொல்லத் தோன்றாமல் துணி மடித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சட்டையை மடித்தான். பேசுவதற்கு எனக்கு ஒன்றுமே வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக நான் எந்த ஆட்டத்தையும் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. விமர்சகர்கள் ஒன்பது பேருக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ‘உப்பு வண்டி’ பாகம் ஒவ்வொன்றும் வரும்போது அங்கே அடிதடியே நடக்கும். திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒரு ‘வணக்கம்’கூட இல்லை. எல்லோருக்கும் பிரதி வந்தது அந்த வாரம்தான்.

குழுவில் ஒருவரான சேலத்துப் பாலமுரளியைக் கூப்பிட்டேன். ஆறு லட்சம் பேர் பார்க்கிற சேனல் நடத்துகிறவர், என்னைவிடப் பெரிய வாயாடி.

"சேனலை மூடிட்டேன் மங்கை" என்றார், பால் பாக்கெட் வாங்கி வந்தேன் என்கிற மாதிரி.

"என்னது? ஏன் சார், உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"பேச ஒண்ணும் இல்லம்மா. நல்லா தூங்குறேன். பசிக்குது. காலைல பார்க்குக்குப் போறேன். என்ன, அங்க போயி என்ன செய்யிறதுன்னுதான் தெரியல. ஒரு பெஞ்சில உக்காந்துட்டு வர்றேன்."

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தை உருவாக்கிய ஹெலன் ராஜரீகத்தின் எண் என்னிடம் இருந்தது. மூன்றாம் பாகம் வந்தபோது ஒருமுறை பேட்டி எடுத்திருக்கிறேன். ஐம்பது வயதுக்காரர், சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார், காத்திருந்தார் போலிருக்கிறது.

"முடிச்சிட்டீங்களா மங்கை?" என்றார்.

"முடிச்சேன். எங்களுக்கு என்ன பண்ணீங்க?"

"மூணாம் பாகத்துல அந்தப் பட்டை என்ன செஞ்சது? ஆளு சலிச்சுப் போற நேரம் பாத்து இழுத்துப் புடிச்சது. இதுல அதையே திருப்பிட்டேன். ஆளுக்குப் போதும்னு எப்பத் தோணுதுன்னு தேடும். கொஞ்சம் கொஞ்சமா ஆசைய நெறச்சிட்டே வரும். முழுசா நெறஞ்ச உடனே அங்கயே முடிச்சிரும். வயிறு நெறஞ்சா வயித்துக்குத் தெரியும். இந்தப் பசி நெறஞ்சது மூளைக்குத் தெரியறதில்ல. தெரிய வச்சிட்டேன்."

"அப்ப ஐம்பத்திரண்டு நிமிஷம்?"

"அது சராசரி. ஆயிரம் பேர வச்சுப் பாத்தோம். பசி கம்மியா இருந்தா நாப்பது, அதிகமா இருந்தா எழுபது. நெறஞ்சதுக்கப்புறம் திரும்பப் பசிக்கிறதில்ல. இந்த ஆட்டம்னு இல்ல, எந்த ஆட்டமும்."

"சொல்லாம கொள்ளாம ஊசி போடறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சொன்னா யாரு போட்டுக்குவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "திண்டுக்கல்லேருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்தா. மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்துல அவ புருஷன் பட்டையக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கான். புள்ள அழுவுது, அவன் நிமுந்து பாக்கல. அந்த மாதிரி லெட்டர் எங்கிட்ட ரெண்டு மூட்டை இருக்கு. மூணாம் பாகத்தச் செஞ்சவ நான். நான்தான முடிச்சு வைக்கணும்?"

"எங்களுக்கு ஏன் மொதல்ல அனுப்புனீங்க?"

"நீங்க யாருமே முடிக்காம எழுதுறவங்கன்னு எனக்குத் தெரியாதா? முடிக்காம எழுதுனா ஒப்புக்கு ஏதாவது எழுதுவீங்க. சின்னதா இருந்தா முடிச்சுருவீங்கன்னு நினைச்சேன். முடிச்சவங்க சொன்னா ஜனம் நம்பும்."

"நான் உள்ளத எழுதிருவேன்."

"எழுதுங்க" என்றார். "எழுதாதீங்கன்னு கெஞ்சணும்னுதான் நினைச்சிருந்தேன். வாய் வரல."

அந்த அம்மாளின்மேல் எனக்குக் கோபமா, இரக்கமா என்று இன்றுவரை தெரியவில்லை. திண்டுக்கல்காரிக்கு நல்லது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு எந்த மண்டபத்திலும் குழந்தை அழவில்லையே. நானும் தவசியும் இரண்டு மணி நேரம் ஆடினோம், பேசினோம், சாப்பிட்டோம், படுத்தோம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஆட்டத்தை இல்லை. அவனோடு பேசுகிற வாயை எடுத்துக்கொண்டுவிட்டார். அதை நினைத்து அழுதேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தவசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதும் முன்னால் ஒப்பந்தத்தை மீறியது அதுதான் முதல் தடவை. அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப இனிமே உனக்கு ஆடவே தோணாதா?"

"தோணாது."

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸ்தான? நானும் ஆடிர்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா? தெரிஞ்சே போயி விழுவியா? நீ மூணாம் பாகத்தையே ஆடு. வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீ வழி சொல்லு. இத்தன வருஷமா சேத்து வச்ச ஆசைடா அது. எனக்குத்தான் போச்சு, உனக்காவது இருக்கட்டும்."

"நீ இல்லாத வண்டியில நான் என்னத்தப் போயி வழி சொல்றது?" என்றான். துண்டால் கையைத் துடைத்தான். "ஆடுறேன் மங்கை. பேச்ச விடு."

ஆறு நாள் சண்டை போட்டேன். பட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அவன் சோறாக்க அரிசி எடுக்கப் போய் அதை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தான். நான் பயந்ததை வெளிப்படையாகவே சொன்னேன்: "நீயும் ஆடி முடிச்சிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல என்னடா இருக்கும்? பாலமுரளி மாதிரி ஆளுக்கொரு பெஞ்சில உக்காந்திருப்பமா?"

நடுவில் புதன்கிழமை விமர்சனம் வெளியானது. இருப்பதிலேயே சின்ன பாகம், இருப்பதிலேயே நல்ல பாகம் என்று எழுதினேன். முதல் பாகத்தில் இருந்த திருட்டுத்தனமான சிரிப்பு இதில் இல்லை, இரண்டாம் பாகத்து வெள்ளக்காட்சிக்கு ஈடான ஒன்று இல்லை, மூன்றாம் பாகத்தின் விரிவு இல்லை என்றும் எழுதினேன். கடைசியில், "இதை முடித்தால் பிறகு எதையும் ஆட மாட்டீர்கள். நான் ஆடவில்லை. தெரிந்துகொண்டு தொடுங்கள்" என்று எழுதினேன். மனசு லேசாயிற்று. எல்லோருக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டேன் அல்லவா?

என்னத்தைச் சொல்வது! ஆடுகிறவர்களில் பாதிப்பேர் நான் விளம்பரத்துக்காகக் கதை விடுகிறேன் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையைக் கத்தரித்து அனுப்பிக்கொண்டது வேறு கூட்டம். மனைவிகள், அம்மாக்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இரண்டே நாளில் முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆடுகிறவருக்குப் பரிசாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ‘சின்ன ஆட்டம்தான், ஒரு மணி நேரம்கூட இல்ல, ஆடிப் பாரேன்’ என்று கொடுப்பதாக எனக்கே நன்றிக் கடிதம் எழுதினார்கள். பரிசை வாங்கி ஆடப் போகிறவன் கண்ணில் என் எச்சரிக்கை படவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. தவசி குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஏதோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டையை வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் நெற்றியில் நான்தான் கட்டிவிட்டேன். வழி சொல்கிறவனுக்கு இத்தனை வருஷமாக அது தேவைப்படவில்லை.

"வேணாம்னு தோணுனா இப்பவே கழட்டிரு" என்றேன்.

"அட, சும்மா இரு."

நான் சமையலறைக்குப் போனேன். பார்க்கத் தைரியமில்லை. ஐம்பத்திரண்டு நிமிடம், இல்லையென்றால் எழுபது. ஒரு நாளும் தவறாமல் வந்து உட்கார்ந்தவன், ஆசை அதிகம், எழுபதே ஆகும் என்று கணக்குப் போட்டேன். குழம்புக்குப் புளியை ஊறப்போட்டேன். வெங்காயத்தை எடுத்துத் தோலுரித்தேன். இரண்டாவது வெங்காயத்தில் கை வைத்தபோது கூடத்திலிருந்து அந்த முடிவு இசை கேட்டது.

ஓடினேன். திரையில் மலையடிவாரம். முதல் திருப்பம்கூட வரவில்லை. மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு ஓரமாகப் படுத்திருந்தன. மூலையில் நேரம் காட்டியது: மூன்று நிமிடம் பத்து நொடி.

"பட்டை சரியில்ல" என்றேன். "நான்தான் லூசா கட்டிட்டேன். அரிசி டப்பாவுல வச்சதுல கெட்டுப் போச்சோ என்னவோ. கழட்டு, பாக்கறேன்." பட்டையின் உலோகத் தகட்டைத் துடைத்தேன். என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. மறுபடி அவனுக்கே வைத்தேன். அப்போதும் எரிந்தது.

"பட்டை நல்லாத்தான் இருக்கு மங்கை" என்றான் தவசி.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். திருட்டுப் பலகாரம் தின்று அகப்பட்டவன் முகம் மாதிரி இருந்தது.

"நெறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றான்.

"என்னடா சொல்ற?"

"எனக்கு எப்பவுமே இதுல ஆசை இருந்ததில்ல. மொத நாளு ஆடிட்டு, சே, இதென்ன மாட்ட ஓட்டிட்டுன்னு அழிக்கத்தான் போனேன். அப்பதான் நீ மைக்ல, ‘யாருய்யா அது வழி சொல்லத் தெரியாத எரும’ன்ன. அடுத்த நாளும் திட்டுவியான்னு பாக்கலாம்னு வந்தேன்."

"பன்னெண்டு வருஷம்டா!"

"ம்."

"நாலு வருஷம் மூணாம் பாகம். தெனம் ரெண்டு மணி நேரம். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"வண்டி ஓட்டும்போதுதான நீ பேசுவ" என்றான். "மத்த நேரம் எழுதிட்டு இருப்ப. இல்லன்னா கோவமா இருப்ப. ஏழுலேருந்து ஒம்பது வரைக்கும் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுவ. அது எனக்குப் பிடிக்கும். அதுக்கு மாடு இருந்தா என்ன, மண்ணு இருந்தா என்ன?"

நான் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கோபம்தான் முதலில் வந்தது. அதற்கப்புறம் வெட்கம் வந்தது. இத்தனை ஆட்டத்தைப் பற்றி எழுதினவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஆடவில்லை என்பது தெரியவில்லையே. ஆயிரக்கணக்கான மணி நேரம் அவன் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சலிப்பை மோப்பம் பிடிக்க அவன் நெற்றியில் யாரும் பட்டை கட்டவில்லை. எனக்கும் கண் இல்லை.

அழுது முடித்தபோது வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கூடத்தில் இரண்டு பேர், அணைந்த திரை, மிச்சமிருக்கிற சாயங்காலம். ஒருவார காலமாக நான் பயந்துகொண்டிருந்த நேரம் இதுதான். என்ன பேசுவது என்று தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு கேள்வி. பத்து வருஷம் குடும்பம் நடத்தினவள் கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன்.

"அப்ப உனக்கு என்னதான்டா பிடிக்கும்?"

தவசி என்னைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். கை விரலைச் சொடக்கெடுத்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, இல்லையென்று தலையாட்டினான். நான் குறுக்கே பேசவில்லை. அவன் யோசித்த நேரம், அவன் ஆடின நான்காம் பாகத்தைவிட நிச்சயமாக நீளம்.

"தெரியல மங்கை" என்றான் கடைசியில். "யாரும் கேட்டதில்லையா, அதான். கொஞ்சம் டைம் குடு, யோசிச்சுச் சொல்றேன்."

"எடுத்துக்கடா. எவ்வளவு வேணா எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தையும் அரிவாள்மனையையும் கூடத்துக்கே எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.